அமெரிக்காவின் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தங்க நாணயங்கள்: அரியவற்றைச் சேர்ப்பதற்கான முழுமையான வழிகாட்டி

இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் முதலில் ஒரு நாணயத்தை வாங்குகிறார்கள். பிறகு அதன் விலையை விசாரிக்கிறார்கள். அதன் பிறகு தரத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். எல்லாம் முடிந்த பிறகே அது அசலா என்று ஐயப்படுகிறார்கள். இந்த வரிசையை அப்படியே தலைகீழாக்கினால் சரியான வழி கிடைத்துவிடும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் அமைந்திருக்கின்றன. ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் அடுத்த படியில் எடுக்கும் முடிவு வெறும் ஊகமாகிவிடும் என்பதால், ஒவ்வொரு படிக்கும் காரணத்தையும் சேர்த்தே சொல்லியிருக்கிறேன்.

1. வாங்குவதற்கு முன் மேசையில் இருக்க வேண்டியவை

ஐந்து முதல் ஏழு மடங்கு வரை பெருக்கிக் காட்டும் லென்ஸ் ஒன்று, 0.01 கிராம் வரை காட்டும் மின்தராசு, விட்டம் அளக்க வெர்னியர் காலிபர், கழுத்தை வளைத்துத் திருப்பக்கூடிய ஒற்றை பல்பு மேசை விளக்கு, நாணயம் கை தவறி விழுந்தால் அடிபடாதிருக்க மடித்துப் போட்ட மெத்தென்ற துணி ஆகியவை போதும். தரம் பார்க்கும்போது பத்து மடங்குக்கு மேற்பட்ட லென்ஸ் வேண்டாம். அந்தப் பெருக்கத்தில் குறையில்லாத நாணயமே இராது. அறையின் டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஒற்றை விளக்கின் கீழ் மட்டும் பார்க்க வேண்டும். பரவலான வெளிச்சம் துடைத்த கீறல்களை மறைத்துவிடும். ஒரே திசையிலிருந்து வரும் வெளிச்சத்தில்தான் அவை மெல்லிய கோடுகளாக மின்னும்.

இவற்றைவிட முக்கியமானது, நாணயத்தின் தரத்தை 1 முதல் 70 வரையுள்ள எண்ணால் குறிக்கும் பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. ஆகிய இரு தரமதிப்பீட்டு நிறுவனங்களும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கும் நாணய விவரப் பக்கங்களையும், ஹெரிடேஜ், ஸ்டாக்ஸ் பவர்ஸ் போன்ற ஏல நிறுவனங்களின் பழைய ஏலப் பதிவுகளையும் படிக்கும் பழக்கம். சில மாதங்கள் எதையும் வாங்காமல் படங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க முடியாதவர், இந்த வகை நாணயங்களில் பணம் போடாமல் இருப்பதே நல்லது.

2. எடையையும் விட்டத்தையும் மனத்தில் பதித்தல்

அமெரிக்கத் தங்க நாணயங்கள் 1837 முதல் ஆயிரத்தில் 900 பங்கு தங்கமும் மீதி பெரும்பாலும் செம்புமான கலவையில் அச்சிடப்பட்டவை. நம் ஊர் நகைக்கடையில் பழகிய 916 தங்கத்தைவிட இது சற்றே குறைவு. காரட் கணக்கில் 21.6.

இருபது டாலர் நாணயம் 33.436 கிராம் எடையும் 34 மி.மீ. விட்டமும் கொண்டது. பத்து டாலர் 16.718 கிராம், 27 மி.மீ. ஐந்து டாலர் 8.359 கிராம், 1840 முதல் ஏறத்தாழ 21.6 மி.மீ. மூன்று டாலர் 5.015 கிராம், 20.5 மி.மீ. இரண்டரை டாலர் 4.18 கிராம், 18 மி.மீ. ஒரு டாலர் 1.672 கிராம், முதல் வகையின் விட்டம் 13 மி.மீ. அளவிலும், 1854-இல் வந்த அகன்ற வகையின் விட்டம் 15 மி.மீ. அளவிலும் இருக்கும்.

இந்த எண்களை மனப்பாடம் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாணயக் கண்காட்சியில் ஒரு மேசைக்கு முன் நிற்கும்போது தேடிப் பார்க்க நேரம் இராது. புழக்கத்தில் தேய்ந்த காசு எடையில் சற்றுக் குறைந்திருக்கலாம். கூடியிருந்தால் அதை அப்போதே கீழே வைத்துவிட வேண்டும். முகப்பை மேலே வைத்து மேல்கீழாகப் புரட்டும்போது பின்புறம் நேராக வர வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளலாம். நகைக்காகச் செய்யப்பட்ட சில நகல்கள் இந்த எளிய சோதனையிலேயே தோற்றுவிடும்.

3. எந்த நாணயச்சாலை என்பதைப் படித்தல்

ஒரே ஆண்டு, ஒரே மதிப்பு, ஒரே தரம் கொண்ட இரண்டு நாணயங்களின் விலை பத்து மடங்கு வேறுபடுவதற்கு மின்ட் மார்க் என்ற ஒற்றை எழுத்து காரணமாக இருக்கும். பிலடெல்பியாவில் அச்சிட்டவற்றில் எழுத்தே இராது. வட கரோலினாவின் ஷார்லட்டுக்கு ‘சி’, ஜார்ஜியாவின் டாலோனிகாவுக்கு ‘டி’, நியூ ஆர்லியன்ஸுக்கு ‘ஓ’, சான் பிரான்சிஸ்கோவுக்கு ‘எஸ்’, நெவாடாவின் கார்சன் சிட்டிக்கு ‘சிசி’ என்ற எழுத்துகள் உண்டு.

புதியவர் அதிகம் குழம்புவது ‘டி’ என்ற எழுத்தில்தான். டென்வர் நாணயச்சாலை 1906-இல்தான் நாணயம் அச்சிடத் தொடங்கியது. ஆகவே 1838 முதல் 1861 வரையுள்ள ‘டி’ அனைத்தும் டாலோனிகாதான். ஷார்லட்டும் டாலோனிகாவும் அதே 1838–1861 காலத்தில் தங்கம் மட்டுமே அச்சிட்டன. ஐந்து டாலருக்கு மேற்பட்ட எதையும் இரண்டுமே அச்சிடவில்லை என்பதால், பத்து டாலர் நாணயத்தில் ‘சி’ என்ற ஒற்றை எழுத்தை யாராவது காட்டினால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. நியூ ஆர்லியன்ஸ் 1861-இல் நின்று 1879-இல் மீண்டும் தொடங்கியது. கார்சன் சிட்டி 1870 முதல் 1885 வரையும், பிறகு 1889 முதல் 1893 வரையும் நாணயம் அச்சிட்டது.

எழுத்து இருக்கும் இடமும் மாறும். விடுதலையின் உருவகப் பெண்ணான லிபர்ட்டியின் தலை பொறித்த இருபது, பத்து, ஐந்து, இரண்டரை டாலர்களில் அது பின்புறத்தில் கழுகின் கீழே இருக்கும். ஒரு டாலரிலும் மூன்று டாலரிலும் மாலை வடிவத்தின் கீழே இருக்கும். 1838, 1839 ஆண்டுகளின் ஷார்லட், டாலோனிகா ஐந்து டாலர் நாணயங்களிலோ அது முகப்பில் ஆண்டுக்கு மேலே இருக்கும். இதை அறியாமல் பின்புறத்தை மட்டும் பார்த்துப் பிலடெல்பியா நாணயம் என்று எண்ணி விற்றுவிட்டவர்களும் உண்டு. அப்படிப்பட்டவர்களிடமிருந்து வாங்கிய புத்திசாலிகளும் உண்டு.

4. பழமை, அருமை, தங்க மதிப்பு மூன்றையும் பிரித்தல்

நூற்றைம்பது ஆண்டுப் பழமை என்பதனால் மட்டும் ஒரு நாணயம் அரிதாகிவிடாது. 1890-களின் இறுதியில் சான் பிரான்சிஸ்கோவில் அச்சான இருபது டாலர் நாணயங்கள் இன்றும் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றின் விலை தங்க விலையை ஒட்டியே ஏறி இறங்கும். அவற்றை வாங்குவது தவறில்லை. ஆனால் அது தங்கம் வாங்குவதே தவிர, அரிய நாணயம் சேர்ப்பது ஆகாது.

அச்சிட்ட எண்ணிக்கையையும் எஞ்சிய எண்ணிக்கையையும் ஒன்றாக எண்ணுவது அடுத்த பிழை. 1822-இன் ஐந்து டாலர் நாணயங்கள் 17,796 அச்சிடப்பட்டதாகப் பதிவு சொல்கிறது. இன்று அறியப்படுபவை மூன்றே. 1834-க்கு முன் அந்த நாணயங்களில் இருந்த தங்கத்தின் சந்தை மதிப்பு முகமதிப்பைவிடக் கூடியிருந்ததால் அவை உருக்கும் உலைக்குள் போயின. அந்த ஆண்டின் சட்டம் தங்க எடையைக் குறைத்த பிறகுதான் நாணயங்கள் புழக்கத்தில் தங்கின. மறுபக்கம், 1857-இல் சான் பிரான்சிஸ்கோவில் அச்சான இருபது டாலரைப் பாருங்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் புயலில் மூழ்கிய எஸ்.எஸ். சென்ட்ரல் அமெரிக்கா என்ற கப்பலிலிருந்து 1980-களின் இறுதியில் தொடங்கி அவை ஆயிரக்கணக்கில் மீட்கப்பட்டன. மீட்புக்கு முன் புழங்காத நிலையில் காண்பதற்கே அரிதாக இருந்த நாணயம், அச்சக் கூடத்திலிருந்து வந்த அதே பளபளப்போடு சந்தைக்கு வந்துவிட்டது.

எனவே ஒவ்வொரு நாணயத்தையும் பற்றி இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். எல்லாத் தரத்திலும் சேர்த்து எத்தனை எஞ்சியிருக்கின்றன என்பது ஒன்று. உயர்ந்த தரத்தில் எத்தனை இருக்கின்றன என்பது இன்னொன்று. உயர்ந்த தரத்தில் மட்டும் அரிதானவற்றைப் புதியவர்கள் தவிர்ப்பது நல்லது. தரத்தில் ஒரே ஓர் எண் கூடும்போது விலை பல மடங்காகும் இடத்தில், அந்த ஓர் எண்ணைத் தீர்மானிக்கும் கண் இன்னும் நமக்கு வந்திராது.

தரமதிப்பீட்டு நிறுவனங்கள் வெளியிடும் எண்ணிக்கைப் பட்டியல் இதற்கு உதவும். ஆனால் அதை அப்படியே நம்பக்கூடாது. உயர்ந்த தரம் கிடைக்கும் என்ற ஆசையில் ஒரே நாணயத்தைப் பலமுறை அதன் பிளாஸ்டிக் உறையை உடைத்து எடுத்து, மீண்டும் மதிப்பீட்டுக்கு அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அது புதிய நாணயமாகக் கணக்கில் ஏறும்.

5. எல்லை வகுத்தல்

‘கிடைப்பதை வாங்குவது’ என்ற கொள்கையோடு தொடங்குபவரிடம் சில ஆண்டுகளில் ஒன்றோடொன்று தொடர்பில்லாத காசுகள் ஒரு பெட்டி நிறையச் சேர்ந்திருக்கும். எதைப் பற்றியும் ஆழமாகத் தெரிந்திருக்காது. எல்லையைச் சிறிதாக்கினால் ஒரே வகை நாணயத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்போம். கண் விரைவில் பழகும்.

கையிருப்புப் பணம் குறைவாக உள்ளவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது வகைத் தொகுப்பு. ஒரு டாலரில் மூன்று வகை: 1849 முதல் 1854 வரை, 1854 முதல் 1856 வரை, 1856 முதல் 1889 வரை. இருபது டாலரிலும் மூன்று வகை: ‘இன் காட் வி டிரஸ்ட்’ என்ற வாசகம் இல்லாதது, 1866-இல் அந்த வாசகம் சேர்ந்தது, 1877-இல் மதிப்பின் சுருக்கெழுத்துக்குப் பதிலாக ‘டாலர்ஸ்’ என்ற முழுச் சொல் வந்தது. இவற்றில் எளிதாகக் கிடைக்கும் ஆண்டுகளை நல்ல நிலையில் தேர்ந்தெடுத்தாலே வடிவங்களும் உலோகத்தின் இயல்பும் பழகிவிடும்.

அடுத்த கட்டம் ஒரே நாணயச்சாலையின் ஒரே மதிப்பு. டாலோனிகாவின் ஐந்து டாலர் 1838 முதல் 1861 வரை இடைவெளியின்றி ஆண்டுதோறும் அச்சானது. அதாவது 24 ஆண்டுகள். எட்டாக் கனி அதில் ஒன்றுமில்லை. 1,597 மட்டுமே அச்சான 1861 ஒன்றுதான் பெரிய செலவு வைக்கும். ஆனால் அதே ஊரின் ஒரு டாலர் வரிசையில் கடைசி ஆண்டான 1861 வேறு கதை. உள்நாட்டுப் போர் தொடங்கி நாணயச்சாலை கைமாறிய பின் அச்சிட்டதால் அதற்கு எண்ணிக்கைப் பதிவே கிடையாது; விலையும் அதற்கேற்றபடி இருக்கும். ஒரு வரிசையைத் தொடங்குமுன் அதன் மிகக் கடினமான நாணயம் எது, அதன் விலை நமக்கு என்றேனும் எட்டுமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எட்டாது என்றால் அந்த ஒன்றை விலக்கியே எல்லையை வகுக்கலாம். அதில் குறைவொன்றும் இல்லை.

கார்சன் சிட்டியின் இருபது டாலரில் 19 ஆண்டுகள் உள்ளன. 1870-இல் 3,789 மட்டுமே அச்சாயின. அது பெரும்பாலானோருக்கு எட்டாது. 1874, 1875, 1876 ஆகிய ஆண்டுகளில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் அச்சானதால் அவற்றில் ஒன்றோடு தொடங்கலாம். ‘சிசி’ எழுத்துகளோடு ஒரே ஒரு நாணயம் போதும் என்பவருக்கு 2,08,000 அச்சான 1891-இன் ஐந்து டாலர் பொருத்தமானது.

6. கண்ணைப் பழக்குதல்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். அதனால் இங்கே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

டாலோனிகா ஐந்து டாலர் ஒன்றை விளிம்பில் பிடித்து, விளக்குக்குக் கீழே மெதுவாகச் சாய்த்துச் சுழற்றுங்கள். புழங்காத நாணயத்தில் ஒளி, சக்கரத்தின் ஆரக்கால்போல மேற்பரப்பெங்கும் அறுபடாமல் சுற்றி வரும். சற்றே புழங்கியதில் அந்தச் சுழற்சி லிபர்ட்டியின் கன்னத்திலும் காதுக்கு மேலுள்ள கூந்தலிலும் வெறும் பரப்பிலும் அறுந்துபோகும். ஆனால் நட்சத்திரங்களைச் சுற்றியும் எழுத்துகளின் இடுக்குகளிலும் மிச்சமிருக்கும். இப்படி எஞ்சிய ஒளியின் அளவுதான் எக்ஸ்எஃப் (இலேசாகத் தேய்ந்தது) 45, ஏயு (ஏறக்குறையப் புழங்காதது) 50, ஏயு 55, ஏயு 58 என்ற தரப் படிநிலைகளைப் பிரிக்கும் முதன்மையான அடையாளம்.

அடுத்து, தேய்மானத்தையும் பலவீனமான அச்சையும் பிரித்தறிய வேண்டும். தென்மாநில நாணயச்சாலைகளில் பல ஆண்டுகளின் நாணயங்கள் முழு அழுத்தத்தோடு அச்சாகவில்லை. கழுகின் கழுத்து இறகுகள் தட்டையாக இருப்பதைப் பார்த்ததும் ‘தேய்ந்துவிட்டது’ என்று ஒதுக்கிவிடுவது புதியவரின் வழக்கம். அந்தத் தட்டையான இடத்தின் நிறத்தையும் இழைமத்தையும் பக்கத்து வெறும் பரப்போடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே மாதிரி இருந்து, ஒளியும் அங்கே எஞ்சியிருந்தால் அது அச்சின் குறை. அந்த இடம் மட்டும் மங்கி வழவழப்பாக இருந்தால் அது தேய்மானம். இரண்டாம் வகை ஒரு டாலர் நாணயங்களில் ஆண்டின் நடு எண்கள் மங்கலாக இருப்பதும் இதே காரணத்தால்தான். முகப்பின் உயரமான தலையும் பின்புறத்தின் எண்களும் நேருக்கு நேர் அமைந்ததால் அந்தப் பள்ளங்களை நிரப்ப உலோகம் போதவில்லை. ஆண்டுதோறும் அச்சின் தன்மை மாறும் என்பதால், ஏலப் பதிவுகளில் அதே ஆண்டின் பத்துப் பதினைந்து படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் எது அந்த ஆண்டின் இயல்பு, எது அந்தத் தனி நாணயத்தின் குறை என்பது விளங்கும்.

மூன்றாவதாக, மேற்பரப்பு தொடப்படாமல் இருக்கிறதா என்பது. பழைய தங்கம் ஒரே சீரான மஞ்சளாக இராது. ஜார்ஜியாத் தங்கத்தில் வெள்ளி கலந்திருந்ததால் டாலோனிகா நாணயங்கள் பலவற்றில் சற்றே பச்சை சாய்ந்த மஞ்சள் தெரியும். செம்பு சரியாகக் கலவாத இடங்களில் சிவந்த புள்ளிகள் இருக்கும். எழுத்துகளின் ஓரங்களில் நூற்றாண்டு அழுக்கு உறைந்திருக்கும். இவை குறைகள் அல்ல. இவை எதுவுமே இல்லாமல், மேடும் பள்ளமும் ஒரே பளிச்சென்ற நிறத்தில் இருந்தால் யாரோ அதை அமிலக் கரைசலில் முக்கியோ துணியால் துடைத்தோ எடுத்திருக்கிறார்கள் என்று ஐயப்பட வேண்டும். நகையைப் பூந்திக்கொட்டை நீரில் ஊறவைத்துத் தேய்த்துப் புதுப்பிக்கும் வீட்டில் வளர்ந்த நமக்கு இது மனத்துக்கு ஒப்புவதற்குச் சிறிது காலம் பிடிக்கிறது. அழுக்கோடு இருக்கும் நாணயத்துக்குத் துலக்கிய நாணயத்தைவிட விலை அதிகம்.

கடைசியாக விளிம்பைப் பார்க்க வேண்டும். சிறிய நாணயங்கள், குறிப்பாக ஒரு டாலரும் இரண்டரை டாலரும், ஒரு காலத்தில் பதக்கங்களாகவும் சட்டைப் பொத்தான்களாகவும் மாற்றப்பட்டன. வளையத்தைப் பற்றவைத்த இடத்தை அரத்தால் தேய்த்துவிட்டால் விளிம்பின் கோடுகள் அங்கே மட்டும் அறுந்திருக்கும். அருகில் நிறமும் மாறியிருக்கும். நாணயத்தின் உச்சியான பன்னிரண்டு மணி இடத்தில் தொடங்கி விளிம்பை முழுவதுமாக ஒருமுறை லென்ஸில் சுற்றிப் பார்ப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. அந்த அரை நிமிடத்தைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம்.

7. போலியைக் கண்டறிதல்

எடை சரியாக இருந்தால் அசல் என்று முடிவு கட்டுவது பெரிய அபாயம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் பெய்ரூட் போன்ற இடங்களில் செய்யப்பட்ட போலிகளில் பல, சரியான எடையும் சரியான தங்க அளவும் கொண்டவை. போலி செய்தவரின் லாபம் தங்கத்தைக் குறைப்பதில் இல்லை. சேகரிப்பாளர் தரும் கூடுதல் விலையில்தான் இருந்தது. ஆகவே எடையும் அடர்த்தியும் மட்டமான போலிகளை விலக்க மட்டுமே உதவும். 900 தங்கத்தின் அடர்த்தி 17.2 அளவில் இருக்கும். 14 காரட்டில் செய்த நகைக்கடை நகல் அதற்கு வெகு கீழே நிற்கும்.

நல்ல போலியைக் காட்டிக்கொடுப்பது மேற்பரப்பு. அசல் நாணயம் ஒன்றிலிருந்து படியெடுத்துத்தான் போலி அச்சு செய்யப்படுகிறது. அந்த அசலில் இருந்த அடிகளும் அச்சோடு சேர்ந்து, வரும் ஒவ்வொரு போலியிலும் அதே இடத்தில் பதியும். அசல் அடியின் அடிப்பகுதி பளபளப்பாகவும் ஓரம் கூர்மையாகவும் இருக்கும். படியெடுத்த பள்ளமோ மழுங்கி, உள்ளே சொரசொரப்பாக இருக்கும். விளிம்புப் பற்களிலிருந்து உள்நோக்கி எழும்பிய சிறு முட்கள்போன்ற கோடுகள், எழுத்துகளுக்கு அருகே தேவையில்லாமல் எழும்பிய சிறு கட்டிகள், சோப்பைப்போன்ற வழவழப்பு ஆகியவையும் எச்சரிக்கைகளே.

அரிய நாணயச்சாலைகளைப் பொறுத்தவரை இதைவிடத் தந்திரமான மோசடி, அசலான பிலடெல்பியா நாணயத்தில் ‘சி’, ‘டி’, ‘சிசி’ எழுத்துகளை ஒட்டுவது. நாணயம் முழுவதும் அசல் என்பதால் வேறு எந்தச் சோதனையிலும் அது சிக்காது. லென்ஸை எழுத்தின் மேல் நேராகப் பிடிக்காமல், நாணயத்தை ஏறக்குறையப் படுக்கை வாட்டில் சாய்த்துப் பாருங்கள். அச்சில் பிறந்த எழுத்தில் உலோகம் பரப்பிலிருந்து தடையின்றி மேலெழும். ஒட்டிய எழுத்தின் அடியில் மயிரிழைபோன்ற மூட்டுக் கோடோ நிற மாற்றமோ சுற்றிலும் சுரண்டிய தடமோ தெரியும்.

அதோடு எழுத்து நிற்கும் இடத்தையும் ஒப்பிட வேண்டும். கிளை நாணயச்சாலைகளுக்கான அச்சுகள் பிலடெல்பியாவில் செய்து அனுப்பப்பட்டன. மின்ட் மார்க் ஒவ்வோர் அச்சிலும் கையால் தனித்தனியாகக் குத்தப்பட்டது. எனவே ஓர் ஆண்டுக்கு எத்தனை பின்புற அச்சுகள் பயன்பட்டனவோ அத்தனை இடநிலைகள்தான் இருக்க முடியும். சிறிய நாணயச்சாலைகளில் அந்த எண்ணிக்கை மிகக் குறைவு. கையிலுள்ள நாணயத்தின் எழுத்து, பதிவுகளிலுள்ள எந்தப் படத்தோடும் பொருந்தவில்லை என்றால் அதை வாங்கக்கூடாது.

8. தரமதிப்பீட்டு உறையை வாசித்தல்

இத்தனை கற்ற பிறகும், தொடக்கத்தில் பி.சி.ஜி.எஸ். அல்லது என்.ஜி.சி. நிறுவனத்தின் ஸ்லாப் எனப்படும் மூடிய பிளாஸ்டிக் உறையில் உள்ளவற்றை மட்டுமே வாங்க வேண்டும். அசல் என்பதற்கு அவர்கள் உத்தரவாதம் தருகிறார்கள். விற்கும்போதும் வாங்குபவர் அதைத்தான் கேட்பார்.

உறையையும் போலியாகச் செய்கிறார்கள் என்பதால் சான்று எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் தட்டிப் பார்ப்பது கட்டாயம். எண் இருக்கிறது என்பதோடு நின்றுவிடக்கூடாது. உண்மையான எண்ணைப் போலி உறையில் அச்சிடுவது எளிது. தளத்தில் படம் இருந்தால், நாணயத்திலுள்ள இரண்டு மூன்று தனிப்பட்ட அடிகளை அந்தப் படத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும். எந்த இரண்டு நாணயங்களும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி அடிபட்டிருக்க மாட்டா.

தர எண்ணுக்குப் பதிலாக ‘டீட்டெய்ல்ஸ்’ என்றிருந்தால் துடைத்தது, நகையிலிருந்து எடுத்தது, விளிம்பு அராவியது என்று ஏதோ ஒரு சேதம் உண்டு. விலை கணிசமாகக் குறையும். விற்கும்போதும் அதே தள்ளுபடியைத் தந்தாக வேண்டும். 1870 கார்சன் சிட்டி இருபது டாலர்போல எஞ்சியவற்றில் பெரும்பாலானவை அடிபட்டவையாகவே இருக்கும் நாணயங்களில் இதை ஏற்றுக்கொள்ளலாம். நிறையக் கிடைக்கும் நாணயத்தில் ஏற்பதற்குக் காரணமே இல்லை.

புழங்காத நாணயத்துக்குத் தரும் எம்எஸ் 61 என்ற எண் ஏயு 58-ஐவிடப் பெரியது என்பதால் அது அழகானது என்று பொருளல்ல. கனமான இருபது டாலர்கள் மூட்டைகளில் ஒன்றோடொன்று உரசிப் பயணித்தவை. எம்எஸ் 60, 61 தரத்தில் முகமெல்லாம் அடிபட்டவை ஏராளம். டாலோனிகா, ஷார்லட் நாணயங்களில் எக்ஸ்எஃப் 45 முதல் ஏயு 55 வரையுள்ள தொடப்படாத மேற்பரப்பே கொடுத்த பணத்துக்கு ஈடு தரும் இடம் என்பது என் கருத்து. 2007-இல் தொடங்கிய சி.ஏ.சி. நிறுவனம், உறையில் எழுதிய தரத்துக்கு உறுதியாகத் தகும் என்று கருதும் நாணயத்துக்குப் பச்சை ஒட்டி ஒன்றைத் தருகிறது. அந்த ஒட்டிக்காகக் கூடுதல் விலை கேட்பார்கள். கண் பழகும்வரை அதைக் கொடுப்பது நியாயமான செலவே.

9. விலையைக் கணக்கிடுதல்

முதலில் உருக்கு மதிப்பு. இருபது டாலரில் 0.9675 ட்ராய் அவுன்ஸ் தங்கம் இருக்கிறது. பத்து டாலரில் அதில் பாதி, ஐந்து டாலரில் கால் பங்கு. தங்கம் அவுன்ஸுக்கு 3,000 டாலர் என்று வைத்துக்கொண்டால் இருபது டாலரின் உருக்கு மதிப்பு 2,902 டாலரும், ஐந்து டாலரின் மதிப்பு 725 டாலரும் ஆகும். கேட்கும் விலையிலிருந்து இதைக் கழித்தால் வருவதுதான் ‘நாணயத்துக்காக’ நாம் தரும் தொகை. அந்தத் தொகைக்கு அந்த நாணயத்தில் என்ன இருக்கிறது என்று விற்பவரால் சொல்ல முடியவில்லை என்றால் கடந்து போகலாம்.

பிறகு ஏலப் பதிவுகள். அதே ஆண்டு, அதே நாணயச்சாலை, அதே தரம், கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளின் விற்பனைகள் ஆகியவற்றை எடுத்து, எண்களை மட்டும் குறிக்காமல் படங்களையும் திறந்து பாருங்கள். ஒரே தரத்தில் ஒன்று மற்றொன்றைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விற்றிருந்தால், காரணம் பெரும்பாலும் படத்திலேயே தெரியும்: தொடப்படாத நிறம், பச்சை ஒட்டி, அல்லது எலியாஸ்பெர்க், பாஸ் போன்ற புகழ்பெற்ற தொகுப்பிலிருந்து வந்தது என்ற குறிப்பு. தங்க விலை வேகமாக மாறும் காலத்தில் எளிதாகக் கிடைக்கும் இருபது டாலருக்கு ஓராண்டுப் பழைய பதிவு பயன்படாது. அரிய டாலோனிகா நாணயத்துக்கு ஐந்தாண்டுப் பழைய பதிவும் உதவும்.

ஏலத்தில் கேட்கும்போது வாங்குபவர் கட்டணத்தை மறப்பதுதான் மிக அதிகமாக நடக்கும் பிழை. சுத்தியல் விலைக்கு, அதாவது ஏலம் முடியும் விலைக்கு, மேல் 20 விழுக்காடோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ சேரும்; பதிவுகளில் காணப்படும் விலை பொதுவாக அதையும் உள்ளடக்கியது. ஆகவே 3,600 டாலர்தான் நம் எல்லை என்றால், 20 விழுக்காட்டுக் கணக்கில் 3,000-இல் கையை இறக்கிவிட வேண்டும். மாநில விற்பனை வரி இருந்தால் அதையும் கழித்துக்கொள்ள வேண்டும். இந்த எண்ணை ஏலம் தொடங்குமுன் தாளில் எழுதி வைப்பது, ஏலத்தின் நடுவே மனம் போடும் கணக்கைவிட நம்பகமானது.

10. எங்கே, எப்படி வாங்குவது

முதல் நாணயத்தைப் படத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஜனவரியில் புளோரிடாவில் நடக்கும் ‘ஃபன்’ கண்காட்சி, அமெரிக்க நாணயவியல் சங்கம் கோடையில் நடத்தும் கண்காட்சி போன்றவற்றில் ஏலத்துக்கு வரும் நாணயங்களையே கேட்டு வாங்கி மேசையில் அமர்ந்து பார்க்க முடியும். வாங்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் அந்த முன்பார்வை மேசையில் ஒரு நாள் அமர்வது, பல மாதம் படம் பார்ப்பதற்குச் சமம்.

அரிய நாணயச்சாலைகளில் மட்டும் தொழில் செய்யும் வணிகர்கள் இருக்கிறார்கள். விலை சற்றுக் கூடினாலும், மட்டமானதை அவர்களே வடிகட்டியிருப்பார்கள். புதிதாக ஒருவரை அணுகும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ‘இதையே நாளை உங்களிடம் திருப்பி விற்றால் என்ன தருவீர்கள்?’ தொகையை நேராகச் சொல்பவரிடம் தொடர்ந்து வாங்கலாம். தொலைபேசியில் அழைத்து ‘அரிய முதலீடு’ என்று அவசரப்படுத்துபவர்களிடம் பேச்சையே வளர்க்க வேண்டாம். அவர்கள் பெரும்பாலும் விற்பது நாம் நான்காம் படியில் பார்த்த, ஏராளமாகக் கிடைக்கும் இருபது டாலரைத்தான்.

சென்னையிலோ கொழும்பிலோ இருந்துகொண்டு அமெரிக்க ஏலத்தில் கேட்பவர்கள், தங்க நாணயத்துக்கான சுங்க விதிகளையும் தீர்வையையும் ஒரு சுங்க முகவரிடம் எழுத்தில் கேட்டறிந்த பிறகே கேட்க வேண்டும். பணம் கட்டிய பின் விசாரிப்பதில் பயனில்லை.

11. வாங்கிய பின்

உறையை உடைக்காதீர்கள். உறையில்லாத நாணயமாக இருந்தால் விளிம்பில் மட்டும் பிடிக்க வேண்டும், எதைக்கொண்டும் துடைக்கக்கூடாது. செம்புப் புள்ளியை நீக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னாலும் கொடுக்க வேண்டாம்.

வீட்டுக் காப்பீட்டில் நாணயங்களுக்கான உச்சவரம்பு பொதுவாக மிகக் குறைவாகவே இருக்கும்; தனிக் காப்பீடு எடுக்க வேண்டும். வங்கிப் பெட்டகத்தில் வைத்தாலும் அதனுள் இருப்பவற்றுக்கு வைப்புத்தொகைக் காப்பீடு பொருந்தாது. அஞ்சலில் அனுப்பும்போது அமெரிக்கப் பதிவு அஞ்சலில் 50,000 டாலர் வரை காப்பீடு செய்யலாம். மெதுவாகப் போகும், ஆனால் ஒவ்வொரு கையிலும் கையெழுத்து வாங்கிப் போகும். பொட்டலத்தின் வெளியே நாணயம் என்று ஊகிக்கவைக்கும் எந்தச் சொல்லையும் எழுதக்கூடாது, அனுப்புநர் பெயரில்கூட.

ஒவ்வொரு நாணயத்துக்கும் வாங்கிய நாள், கொடுத்த தொகை, கட்டணம், சான்று எண், இருபுறப் படங்கள், முந்தைய உரிமையாளர் பற்றிய குறிப்பு ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி வையுங்கள். அமெரிக்காவில் வரி கட்டுபவருக்கு, ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்கும் நாணயத்தின் லாபத்துக்குக் கூட்டாட்சி வரி 28 விழுக்காடு வரை போகலாம். கொடுத்த தொகைக்கும் கட்டணத்துக்கும் ரசீது இல்லை என்றால் லாபத்தைக் குறைத்துக் காட்ட வழியில்லை. அந்தத் தாளின் நகல் ஒன்று நாணயம் இருக்கும் பெட்டகத்தில் இல்லாமல் வேறிடத்தில் இருக்க வேண்டும். அது எங்கே இருக்கிறது என்பதும், எந்த வணிகரிடம் விலை கேட்க வேண்டும் என்பதும் வீட்டில் இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். விவரம் அறியாத குடும்பத்தினர் அரிய டாலோனிகா நாணயத்தை அடகுக்கடையில் உருக்கு விலைக்குக் கொடுத்துவிட்டு வருவது இந்தத் துறையில் அடிக்கடி காதில் விழும் செய்தி.